பதினொன்று இருபத்தொன்றுக்குக் குறைந்த சத்தம்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டி எழுதவில்லை. கூட்டி எழுதத் தெரிந்த ஆளும் நான் இல்லை. மன்னார் நகரத்தில் கணினி திருத்துவதுதான் என் தொழில். ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும் என்று நம்பிப் பிழைப்பவன். இங்கே வரும் நேரங்களை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. ஒரு சின்னக் கணினி தானாகப் பதிந்துவைத்த நேரங்கள் அவை. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். இடம் பேசாலை.

என் தங்கை ஜெசிக்கா அங்கேதான் கலியாணம் முடித்திருந்தாள். மாப்பிள்ளை வலன்ரைன். கடற்றொழில். சொந்தமாக ஒரு நீலப் பைபர் படகு வைத்திருந்தார். வீட்டில் மூன்று பேர். அவர், அவள், அவருடைய தாய் திரேசம்மா. திரேசம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

வலன்ரைனுக்குப் பாட்டு என்றால் உயிர். இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரு பழைய அம்பிளிபயரும் வைத்திருந்தார். போனை வயரில் கொளுவிப் பாட்டுப் போடுவார். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். அதற்கு நான் ஒரு வழி செய்து கொடுத்தேன். ராஸ்பெரி பை என்று ஒரு குட்டிக் கணினி. ஒரே ஒரு பலகை. சவர்க்காரக் கட்டியைவிடச் சின்னது. அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, ஆறாயிரம் பாட்டுகளை ஏற்றி, அம்பிளிபயரோடு இணைத்தேன்.

“பை எண்டுறாய், தம்பி. இதுக்க என்னத்தைப் போடுறது?” என்று மாமி கேட்டார்.

“பாட்டைப் போடுறது, மாமி.”

அந்தப் பலகையில் திரை கிடையாது. பொத்தான் கிடையாது. ஒலிவாங்கியும் கிடையாது. வீட்டு வைபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் பாட்டை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்தப் போன், எத்தனை மணிக்கு, என்ன செய்தது என்று ஒரு கோப்பில் தானாகப் பதிவாகும். பழுது பார்க்க வசதி என்று நான்தான் அப்படி அமைத்திருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். வலன்ரைன் இரவு கடலுக்குப் போய் விடிய வருவார். மீனைக் கொடுத்து, வலையைத் துப்புரவாக்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்று இருபதுபோல் அறைக்குள் பாயில் படுப்பார். ஜெசிக்கா முன் விறாந்தையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருப்பாள். மெசின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமே... சத்தத்தை அறுபதில் வைத்திருப்பாள். அவர் பாயில் படுத்தபடி தன் போனில் குறைப்பார். ஐம்பத்தைந்து. ஐம்பது. நாற்பத்தைந்து. ஐந்தைந்தாக இறங்கி இருபதில் நிற்கும்.

“துரை படுத்திட்டார்” என்பாள் ஜெசிக்கா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்குக் குறட்டை தொடங்கியதும் மெல்ல முப்பதுக்கு ஏற்றுவாள். ஒவ்வொரு நாளும் இதுதான். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஓகஸ்ட் 7, திங்கட்கிழமை. வழமையாக அவரோடு தொழிலுக்குப் போகும் துஷாந்தன், குடும்பத்தோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டான். வலன்ரைன் தனியாகப் போக வெளிக்கிட்டார். ஜெசிக்கா மறித்தாள்.

“கிட்டத்தான் போறன். விடிய முதல் வந்திடுவன்” என்றாராம்.

மாலை 4.50க்குப் படகு இறங்கியது. இரவு 8.10க்கு ஒரு அழைப்பு. வலை விட்டாயிற்று, நீ சாப்பிட்டுப் படு என்றார். பதினொரு மணிபோல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பியது. கடலில் நின்ற மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடிவந்தன.

அவருடைய படகு வரவில்லை.

செவ்வாய் விடிய நான் பேசாலையில் நின்றேன். துஷாந்தன் மடுவிலிருந்து ஓடிவந்தான். ஊர்ப் படகுகள் போயின. கடற்படையும் தேடியது. புதன் காலை வடமேற்கே அவருடைய வலை கிடைத்தது. நடுவால் அறுந்து கிடந்தது. பெரிய படகு ஒன்று ஏறிப் போயிருக்கிறது என்று அனுபவக்காரர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவருடைய போன் கடைசியாகக் கோபுரத்தோடு தொடர்புபட்டது செவ்வாய் அதிகாலை 2.40க்கு என்று பொலிசார் சொன்னார்கள். அதற்குப் பிறகு அது உயிரோடு இல்லை.

அதே புதன்கிழமை. ஓகஸ்ட் 9.

வீடு நிறையச் சனம். மகன் திரும்பி வரவேண்டும் என்று மாமி மாதா பாடல்களை மட்டும் ஓடவிட்டிருந்தார். சத்தம் நாற்பதில் இருந்தது. ஜெசிக்கா தையல் மெசினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பாட்டுக் குறைந்தது.

யாரோ குறைக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முப்பத்தைந்து. முப்பது. இருபத்தைந்து. இருபது. அங்கே நின்றது.

ஜெசிக்கா தலையை நிமிர்த்தினாள். எழுந்து அறைக்குள் ஓடினாள். பாய் சுருட்டியபடி சுவரோடு சாத்திக் கிடந்தது. அறையில் யாரும் இல்லை.

நான் என் போனில் பதிவைத் திறந்தேன்.

11.21.07. வலன். 40 இலிருந்து 35.

‘வலன்’ என்பது அவருடைய போனுக்கு நான் கொடுத்த பெயர். பெயரை யாரும் மாற்றலாம் என்று, ஒவ்வொரு போனுக்கும் பிறவியிலேயே உள்ள இலக்கத்தையும் ஒத்துப் பார்த்தேன். அவருடையதேதான். பிறகு வைபைப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். இணைந்திருக்கும் போன்களின் சிக்னல் அதில் தெரியும். மைனஸ் போட்ட இலக்கம். இலக்கம் பெருகினால் போன் தூரத்தில், குறைந்தால் கிட்டத்தில். பக்கத்து அறையில் இருக்கும் போனுக்கு ஐம்பதுபோல் காட்டும்.

வலன், மைனஸ் 89. தொட்டும் தொடாமலும் இருக்கிற தூரம்.

கடற்கரைக்கு ஓடினேன். வெயிலில் கடல் தகரம்போல் மின்னிக்கொண்டு கிடந்தது. கரையில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்தபோது ஜெசிக்கா வாசல் படலையில் நின்றாள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“போன் கிட்டத்தான் எங்கையோ நிக்குது, ஜெசி.”

சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய முகம் வெளிச்சமானது.

வியாழக்கிழமை 11.21.07. நாற்பதிலிருந்து இருபது. சிக்னல் மைனஸ் 81.

யாரோ போனைக் கண்டெடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அயலில் வீடு வீடாகப் போனேன். கெஞ்சினேன். பொலிசில் பதிவைக் காட்டினேன். கருவியில் ஏதோ பிழை, தம்பி என்றார் அங்கிருந்தவர். வேறு ஒரு ஆள் இதைக் கொண்டுவந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை 11.21.07. மைனஸ் 70.

அன்று பின்னேரம் வைபையின் கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதை யாருக்கும் சொல்லவில்லை. ஜெசிக்காவுக்கும் சொல்லவில்லை. இனி என் போனைத் தவிர எதுவும் அதற்குள் வர முடியாது.

சனிக்கிழமை, ஓகஸ்ட் 12. பதினொன்றேகால் தொடக்கம் நான் அம்பிளிபயருக்கு முன்னால் நின்றேன்.

11.21.07.

முப்பத்தைந்து... முப்பது... இருபத்தைந்து... இருபது.

வலன், மைனஸ் 52.

வீட்டுக்குள்.

வெளியே சனங்கள் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முற்றத்தில் வெயில் எரிகிறது. வேலியில் ஒரு காகம் இருந்து கத்துகிறது. பேய் என்றால் இருட்டில் வரும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இது பட்டப்பகலில், வேலை முடிந்து வருகிற மனிதர் மாதிரி, நேரம் தவறாமல் வந்தது.

அன்று பின்னேரத்தோடு தேடுவதை நிறுத்தினார்கள். திருவிழா முடிய, புதன்கிழமை அவருடைய ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். ஜெசிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. செத்த ஆளுக்குத்தான் பூசை என்றாள். அழ வந்த பெண்களை அழவிடவில்லை. பதினொரு மணியானால் அறைக்குள் பாயை விரிப்பாள். மின்விசிறியைப் போடுவாள். கதவடியில் குந்திக்கொண்டிருப்பாள். பாட்டு இருபதுக்கு இறங்கியதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மற்ற நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைப்பதற்கே அரைமணித்தியாலம் மன்றாட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வைபைப் பெட்டியின் வயரையே கழற்றினேன். சுவரிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது எந்தப் போனும் அந்தக் கணினியோடு பேச முடியாது. பாட்டு மட்டும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

11.21.07.

முப்பத்தைந்து.

மடியில் பெட்டி. அதில் ஒரு வெளிச்சமும் இல்லை. படிகளைக் காதால்தான் எண்ணினேன்.

முப்பது... இருபத்தைந்து...

எழுந்து அறைக்குள் போனேன். ஜெசிக்கா கதவடியில் குந்தியிருந்தாள். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் பாய். குனிந்து சீமெந்து நிலத்தைத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது. பாயில் கையை வைத்தேன்.

சூடு.

காய்ச்சல்காரர் படுத்தெழும்பிய இடம்போல... நடுப் பாயில், ஒரு ஆள் நீளத்துக்கு.

கையை இழுத்துக்கொண்டேன்.

“மிதிச்சுப்போடாதேங்கோ, அண்ணா” என்றாள் ஜெசிக்கா மெதுவாக. “அவர் படுத்திருக்கிறார்.”

அன்று பின்னேரம் மாமியும் நானும் குசினி அடுப்படியில் இருந்து கதைத்தோம். மாமி அழுது முடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. இப்படியே விட்டால் ஜெசிக்காவும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். மகனுடைய ஆத்துமா கரை சேராமல் நிற்கிறது என்று மாமிக்குப் பயம். இரண்டுக்கும் ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. அது என்னுடைய யோசனை. மாமி தலையாட்ட மட்டும் செய்தார்.

ஜெசிக்காவைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

“நீதான் அவரைப் பிடிச்சு வச்சிருக்கிறாய், ஜெசி.”

“நான் பிடிக்கேல்லை. அவர் வாறார்.”

“அவர் இல்லை.”

“இல்லாத ஆள் எப்பிடி அண்ணா சத்தத்தைக் குறைக்கிறது?”

மாமி அவளுடைய கையைப் பிடித்தார்.

“என்ர பிள்ளை போறதுக்கு வழி தெரியாமல் உன்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. நீ சொன்னால் கேப்பான். போகச் சொல்லு, பிள்ளை. நாளைக்கு மாதாவின்ர வெஸ்பர் நாள், திருவிழாவுக்கு முதல் நாள். நிம்மதியாப் போகட்டும்.”

ஜெசிக்கா கையை உருவிக்கொண்டு எழுந்து அறைக்குள் போனாள்.

ஓகஸ்ட் 14, திங்கட்கிழமை.

சனங்களை வெளியே இருக்கச் சொன்னேன். வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். மாமி செபமாலையோடு விறாந்தையில். வைபைப் பெட்டியைத் திரும்பக் கொளுவிவிட்டு, பதிவைத் திறந்த போனோடு நான் அம்பிளிபயருக்குப் பக்கத்தில். ஜெசிக்கா அறைக் கதவடியில். பாய் விரித்திருந்தது.

11.15. மாதா பாட்டு. சத்தம் நாற்பது.

11.19. மாமியின் உதடுகள் மட்டும் அசைந்தன.

11.20...

11.21.07.

முப்பத்தைந்து.

இந்தமுறை வேகமாக இறங்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் நேரம் எடுத்தது. கை நடுங்குகிற ஒருவர் அழுத்துவதுபோல. முப்பதுக்கு வர ஒரு நிமிடம். இருபத்தைந்துக்கு வர இரண்டு நிமிடம். 11.26க்கு இருபது.

நின்றது.

ஜெசிக்காவைப் பார்த்தேன். அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு” என்றேன்.

அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள்.

11.29.

“ஜெசி, சொல்லு.”

“அவருக்கு ஏலாமல் கிடக்குது, அண்ணா. மூச்சு வாங்குது.”

எனக்கு ஒரு மூச்சும் கேட்கவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும்தான். எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம்.

“சொல்லடி!”

11.33.

அவள் முழங்காலில் நின்றாள். இரண்டு கைகளையும் பாயின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ...” என்றாள். “போங்கோ. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நான் இருந்துகொள்ளுவன். நீங்கள் போங்கோ.”

ஒன்றும் நடக்கவில்லை.

மின்விசிறி சுற்றியது...

பதினைந்து.

இருபதுக்குக் கீழே அது ஒருநாளும் போனதில்லை.

பத்து.

மாமி எழுந்து நின்றுவிட்டார்.

ஐந்து.

பாட்டு எங்கோ அடுத்த ஊரில் கேட்பதுபோல் கேட்டது.

பிறகு அதுவும் இல்லை.

11.34.52. வலன். 0.

11.34.53. வலன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

வீடு முழுக்க அமைதி. ஜெசிக்கா பாயில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தி அழுதாள். எட்டு நாளில் அவள் அழுதது அதுதான் முதல் தரம். மாமி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பாயைத் தொட்டுப் பார்த்தேன். நிலத்தைப் போலவே குளிர்ந்திருந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மாதாவின் திருவிழா. செவ்வாய்க்கிழமை, ஓகஸ்ட் 15. காலை 9.40க்குத் துஷாந்தன் ஓடிவந்தான். அவனுக்கு இலுப்பைக்கடவைப் பொலிசிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அந்தக் கரைச் சேற்றில் வளர்ந்த கண்டல் காட்டுக்குள் ஒரு நீலப் படகு செருகிக் கிடக்கிறதாம். அதில் ஒரு ஆள்.

ஜெசிக்காவுக்குச் சொல்லாமல் நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மன்னார் பாலத்தைத் தாண்டி, வடக்கு வீதியால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். கடலில் எட்டு நாள் கிடந்த உடலை எப்படி அடையாளம் காண்பது என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். அவருடைய இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. அதைப் பார்த்துச் சொல்லலாம் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினார்கள்.

காலைப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

அது வலன்ரைனுடைய முகம். மெலிந்து, கறுத்து, உதடு வெடித்து... ஆனால் அவருடைய முகம். நித்திரை கொள்கிறவர்போல் இருந்தார். கடலில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இப்படி இருப்பதில்லை.

எஞ்சின் இழுக்கும் கயிறு அறுந்திருந்தது என்றார் பொலிஸ்காரர். காற்று படகைக் கிழக்கே தள்ளி, கண்டலுக்குள் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறது. வெளிக் கடலிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தறப்பாளை இழுத்து நிழல் கட்டி அதற்குள் படுத்திருந்தார். ஐஸ் பெட்டியின் அடியில் விரல்கடை அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. போன், மூடிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் இருந்தது. மூடி இறுகவில்லை. உப்புத் தண்ணீர் புகுந்து உள்ளே பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. செத்துப் பல நாளான போன்.

டொக்டர் வெளியே வந்தார். இளம் ஆள். என்ன உறவு என்று கேட்டார்.

“தங்கச்சியின்ர புருஷன்.”

“நேற்று மத்தியானம் அளவிலதான் இறந்திருக்கிறார்” என்றார். “பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில எண்டு சொல்லலாம்.”

“டொக்டர், காணாமல் போய் எட்டு நாள்.”

“காணாமல் போனது எட்டு நாள்” என்றார் அவர். “உயிர் போனது நேற்று.”

துஷாந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தான்.

நான் உட்காரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து, அதில் பிரதி எடுத்து வைத்திருந்த பதிவைத் திறந்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே படித்தேன். நாங்கள் பேய் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

ஜெசிக்காவிடம், காணாமல் போன இரவே முடிந்துவிட்டது, நோகாமல் போயிருப்பார் என்று சொன்னோம். துஷாந்தனும் நானும் பேசி வைத்துக்கொண்ட பொய். சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தோம். இறந்த திகதி எழுதிய மரண அத்தாட்சிப் பத்திரம் என் அலுமாரியில் இருக்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. அந்தக் கணினியையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மின்சாரம் கொடுக்க மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் என்னிடம் கேட்டாள்.

“நான் போங்கோ எண்டு சொன்னபடியாத்தான் அடுத்த நாளே கரைக்கு வந்தவர், என்ன அண்ணா?”

“ஓம்” என்றேன்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழும்பினாள். இப்போது சாப்பிடுகிறாள். பாட்டில்லாமல் தைக்கிறாள்.

அவளுக்குச் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. துஷாந்தனுக்குக்கூட நான் அதைச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் 3.15க்கு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் சிவலட்சுமி. இலுப்பைக்கடவையில் கண்டல் ஓரம் நண்டுக்கூடு வைத்துப் பிழைப்பவள். காலையில் நீர் வற்றியபோது படகின் நீல மூக்கை முதலில் கண்டது அவள்தான்.

“தம்பி, நீங்கள் அவற்ர சொந்தமோ?”

“ஓம், அக்கா.”

“வெள்ளிக்கிழமை தொடக்கம் எனக்குக் குரல் கேட்டது, தம்பி. உள்ளுக்க இருந்து. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, நான் கூடு தூக்கப் போற நேரம். சண்டைக் காலத்தில அந்தக் கண்டலுக்க கன சனம் செத்தது. அதுகள்தான் எண்டு நினைச்சன். பயந்து ஓடி வந்திடுவன்.”

“என்ன குரல்?”

“ஆம்பிளைக் குரல். ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான். ‘ஜெசி, கொஞ்சம் குறையப்பா. நித்திரை தூக்குது.’ அவ்வளவுதான்.”

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“நேற்று?”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

“நேற்று வேற மாதிரி. கன நேரம் சத்தமே இல்லை. நான் கூட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பேக்க... ‘ஏன் என்னைப் போகச் சொல்லுறாய்?’ எண்டு கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை.”

“பிறகு?”

“‘சரி, போறன்’ எண்டு சொன்னது.”

வீதியால் திருவிழா முடிந்து வருகிற பஸ் ஒன்று போனது. அவள் அழுதாள். ஒருக்கால் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சம் ஆறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜெசி எண்டது ஆர், தம்பி?”

“தெரியாதக்கா” என்றேன்.